25 டாலர் வசந்தம், 11 கோடி டாலர் கரை

வாஷிங்டன் நகரில் செர்ரிப் பூ பார்க்க டிக்கெட் கிடையாது. டைடல் பேசின் என்ற நீர்நிலையைச் சுற்றி வேலியும் இல்லை, வாசலும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் சுமார் 15 லட்சம் பேர் வருகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் இந்த ஒரு நாளுக்கு உண்மையில் என்ன விலை, அதைக் கொடுத்தவர்கள் யார் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் நாள் குறிக்க வேண்டும். யொஷினோ வகை மரங்களின் மொட்டுகளில் 70 சதவீதம் விரிந்த நாளைத்தான் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை உச்சப் பூப்பு என்று அறிவிக்கிறது. 1990-இல் அது மார்ச் 15-லேயே வந்துவிட்டது. 1958-இல் ஏப்ரல் 18 வரை காக்க வைத்தது. 2024-இல் மார்ச் 17, 2025-இல் மார்ச் 28. பத்து நாளைக்கு முன்னால் உறுதியாகச் சொல்வது கடினம் என்று துறையே ஒப்புக்கொள்கிறது. உறைபனி விழுந்தால் கணிப்பெல்லாம் வீண். விரியும் தறுவாயில் உள்ள மொட்டு மைனஸ் 3 டிகிரி செல்சியஸ் வாக்கில் கருக ஆரம்பிக்கும், மைனஸ் 4.4-இல் பத்தில் ஒன்பது போய்விடும். 2017 மார்ச் நடுவில் அடித்த குளிரில் யொஷினோ பூக்களில் ஏறக்குறைய பாதி அழிந்தன. அதனால் விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே எடுத்து வைப்பவர்களுக்கு என் மனமார்ந்த அனுதாபம்.

ஊருக்குள்ளேயே இருக்கும் குடும்பத்துக்குச் செலவு சொற்பம். அப்பா, அம்மா, 7 வயதில் ஒன்று, 4 வயதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 2024 நடுவில் அமலுக்கு வந்த கட்டணப்படி, சனி ஞாயிறுகளில் மெட்ரோ ரயிலில் ஒரு நடைக்கு அதிகபட்சம் 2.50 டாலர். 4 வயதுக் குழந்தைக்குக் கட்டணமில்லை. மற்ற மூவருக்கும் போகவர 15 டாலர். பயண அட்டை தலா 2 டாலர் வீதம் 6. பெரியவர்களிடம் வங்கி அட்டை இருந்தால் இதில் 4 டாலர் மிச்சம். அதைத் தட்டிவிட்டே உள்ளே போகும் வசதி 2025-இல் வந்துவிட்டது. ஸ்மித்சோனியன் நிலையத்தில் இறங்கினால் கால் மணி நேர நடை. ஜெபர்சன் நினைவகத்துக்கு 0. பக்கத்திலிருக்கும் 555 அடி வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியிலிருந்து பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை. இணையத்தில் முன்பதிவு செய்தால் தலைக்கு 1 டாலர், ஆக 4. மொத்தம் 25 டாலர். கட்டுச்சோறு கொண்டுபோனால் இதோடு முடிந்தது. கடையில் சாப்பிட்டால் விலைக்கு மேல் நகர வரி 10 சதவீதம்.

அடுத்த பக்கம் மரங்களின் கணக்கு. அதில் முதல் பெயர் எலைசா சிட்மோர். பத்திரிகையாளரான இந்தப் பெண்மணி ஜப்பான் போய்த் திரும்பி, பொடோமக் கரையில் செர்ரி நட வேண்டும் என்று 1885-இல் அதிகாரிகளிடம் கேட்டார். அதிகாரி மாறும்போதெல்லாம் மறுபடி கேட்டார். 24 ஆண்டு கழித்து, 1909-இல், பணம் திரட்டித் தானே மரம் வாங்கித் தருவதாகக் குடியரசுத் தலைவரின் மனைவி ஹெலன் டாஃப்டுக்கு எழுதினார். காரியம் நடந்தது. வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே நன்கொடைக்கு முன்வந்தார். டோக்கியோ மேயர் யுகியோ ஒஸாகி நகரத்தின் பெயரால் அனுப்பினார். 1910 ஜனவரியில் வந்து இறங்கிய 2,000 மரங்களிலும் பூச்சியும் நூற்புழுவும் இருந்ததால் அத்தனையையும் எரித்துவிட்டார்கள். மனம் தளராமல் டோக்கியோ மறுபடி அனுப்பியது: 12 வகைகளில் 3,020 மரங்கள். அவற்றில் 1,800 யொஷினோ. 1912 மார்ச் 27 அன்று முதலிரண்டை ஹெலன் டாஃப்டும் ஜப்பானியத் தூதரின் மனைவி சிண்டாவும் நட்டார்கள். 1965-இல் ஜப்பான் இன்னும் 3,800 கொடுத்தது. 2024-இல் அறிவித்தது 250. எரித்தவற்றையும் சேர்த்துக் கூட்டினால் 9,070.

இந்தக் கொடை ஒரு திசையில் மட்டும் போகவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பதிவு. போருக்குப் பின் டோக்கியோவின் அரகாவா ஆற்றங்கரையில் தாய்மரங்கள் நலிந்தபோது, 1952-இல் வாஷிங்டனிலிருந்து ஒட்டுக்கான மொட்டுக்குச்சிகள் போயின. 1981-இல் ஜப்பானியத் தோட்டக்கலையினரே வந்து கிளை வெட்டிக்கொண்டு போனார்கள்.

பெரிய செலவு இப்போதுதான் வந்திருக்கிறது. சேற்று நிலத்தில் நூறாண்டுக்கு முன் கட்டிய கரைச்சுவர் சில இடங்களில் 5 அடி வரை அமிழ்ந்துவிட்டது, நதிமட்டமோ ஏறிக்கொண்டிருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும்போது தண்ணீர் நடைபாதையைத் தாண்டி வேரில் நின்றது. அந்தத் தண்ணீரில் நின்ற ஒரு மரத்துக்கு மக்கள் வைத்த பெயர் ஸ்டம்பி. நடுத்தண்டு முழுக்கக் கூடு. ஒரு பக்கத்துப் பட்டை மட்டும் உயிரோடு. உச்சியில் நாலைந்து கொப்பு. வசந்தம் வந்தால் அந்தக் கொப்புகளிலும் பூ இருக்கும்.

2024-இல் பழைய சுவரை இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். நீளம் 6,800 அடி, ஏறக்குறைய 2 கிலோமீட்டர். திட்டச் செலவு 11.3 கோடி டாலர். வகுத்தால் அடிக்கு 16,600 டாலருக்கு மேல். கூட்டாட்சி நிலங்களிலும் கடற்பரப்பிலும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி முதலியவற்றால் வரும் வருவாயில் ஒரு பங்கைப் பூங்காக்களின் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதி இது. வேலைக்காக வெட்டிய செர்ரி மரங்கள் 158, ஸ்டம்பியும் அதில் ஒன்று; வெட்டும் முன் அதிலிருந்து ஒட்டுக்கட்டக் குச்சிகள் எடுத்து வைத்தார்கள். திரும்ப நடுவதாகச் சொன்னது 274. நிகர வரவு 116.

தலைக்கு ஒரு டாலர் வாங்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆண்டுக்கு 15 லட்சம் டாலர். சுவரின் விலையை எடுக்க 75 ஆண்டு ஆகும். யொஷினோ மரத்தின் வழக்கமான ஆயுளோ 40, 50 ஆண்டுதான். அதனால் நான் கட்டணத்துக்கு எதிரி. வருபவர்களிடம் வாங்க வேண்டியது வேறொன்று. நகரிலுள்ள இந்தச் செர்ரி மரங்கள் சுமார் 3,700. வரும் 15 லட்சம் பேரைப் பங்கிட்டால் மரத்துக்கு 400 பேர், 800 பாதங்கள். மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் இறங்காது. படத்துக்காக அடிமரத்தில் சாய்வதையும் கிளையில் குழந்தையை உட்காரவைப்பதையும் விட்டுவிட்டு, பேசினைச் சுற்றியுள்ள இரண்டு மைலையும் நடைபாதையிலேயே நடந்து பாருங்கள். பூ அங்கிருந்தே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பறிப்பது சட்டப்படி குற்றம்.