வேலை குறைந்தது, சோறு குறையவில்லை
டெல்டாவுக்கு வந்திருக்கும் ‘முன்னோர் உணவும்’ தீவிரப் பயிற்சியும்

குறுவை அறுப்பு என்றால் ஒரு காலத்தில் தஞ்சை வட்டாரத்தில் ஊரே வயலில் இறங்கும். அரிவாளோடு வரிசை பிடித்து, குனிந்த முதுகு நிமிராமல் அறுப்பார்கள். கட்டுக் கட்டித் தலையில் ஏற்றி, வரப்பில் ஓட்டமும் நடையுமாகக் களத்துக்கு வந்து, கதிரடித்துத் தூற்றுவார்கள். இன்று அத்தனை வேலையையும் அறுவடை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அந்த இடுப்புவலி யாருக்கும் திரும்ப வர வேண்டாம். ஆனால் அந்த உழைப்புக்கென்று அளந்து போட்ட சோறு மட்டும் இலையில் அப்படியே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கடும் உழைப்புள்ள 65 கிலோ எடை ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கிலோ கலோரி தேவை. உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு 2,110 போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவு இது. வித்தியாசம் 1,360. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 130 கிலோ கலோரி. அதாவது வயலை விட்டுக் கடைக்கும் அலுவலகத்துக்கும் போன மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சோறு தேவையில்லாமல் போய்விட்டது.

இந்தச் சிக்கலுக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு விடைகள் ஒன்றாக வந்தன. ஒன்று பேலியோ உணவு. கற்கால மனிதனின் உணவே நம் உடலுக்கு ஏற்றது என்ற கருத்தை பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இரு அமெரிக்கர்கள் 1985-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். லோரன் கார்டெய்னின் 2002 புத்தகம் அதைப் பரவலாக்கியது. தமிழ்நாட்டில் பரவிய வடிவம் பால், நெய், பனீரை ஏற்றுக்கொண்டு, சோறு, இட்லி, பருப்பை விலக்குகிறது. மற்றொன்று, கூட்டாகச் செய்யும் தீவிரப் பயிற்சி. கலிபோர்னியாவில் 2000-ல் நிறுவனமான கிராஸ்ஃபிட் அதன் பிரபலமான முகம். எடை தூக்கல், குதித்தல், ஓட்டம் எல்லாவற்றையும் குறைந்த நேரத்தில் முழுமூச்சாகச் செய்வது அதன் முறை.

முதலில் உணவு. எந்த முன்னோரின் உணவு? திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என ஆய்வு முடிவு சொல்கிறது. அந்தக் கருவிகளைச் செய்தவர்களா, இந்த நெல்லை விளைவித்தவர்களா, யாருடைய உணவு ‘முன்னோர் உணவு’? இடைப்பட்ட காலத்தில் உடலும் சும்மா இருக்கவில்லை. உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, மாவுச்சத்து அதிகம் உண்ணும் மக்களிடம் கூடுதல் படிகளாக இருப்பதை 2007-ல் ஒரு ஆய்வு காட்டியது. நம் உடல் கற்காலத்தோடு நின்றுவிட்டது என்ற வாதம் இங்கே பலவீனப்படுகிறது.

அதற்காகச் சோற்றுக்கு முழு விடுதலை கிடைத்துவிடாது. இந்தியர்களின் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது 2025-ல் வெளியான, ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு. தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுத்தானியம் என்று மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டும்போதுதான் அபாயம் குறைகிறது என்பதும் அந்த ஆய்வு காட்டியதே. பாரம்பரிய நெல்லை நேசிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் 174 ரகங்களைத் தேடி மீட்டது பெரும் தொண்டு. இளவட்டக்கல்லைத் தூக்கும் வலுவுக்கு மாப்பிள்ளை சம்பாவைக் காரணம் காட்டும் வழக்கும் நம்மிடம் உண்டு. ஆனால் கல்லைத் தூக்கியவன் அரிசியால் மட்டும் வலுப்பெறவில்லை. நாள்தோறும் சுமை தூக்கினான்.

இங்கேதான் தீவிரப் பயிற்சி உதவிக்கு வருகிறது. ஓய்வாக இருக்கும் தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் என்ற சாவி தேவை. தசை சுருங்கி வேலை செய்யும்போது, செல்லுக்குள் இருக்கும் ‘குளுட்-4’ கடத்திகள் இன்சுலின் இல்லாமலே மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது உழைக்கச் சொல்கிறார்கள்.

முழுமூச்சு வேலையின் முதல் சில நொடிகளுக்கு தசையிலுள்ள கிரியாட்டின் பாஸ்பேட் ஈடுகொடுக்கும். அதன்பின் பெரும் பங்கு கிளைகோஜென். அதாவது தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்து. கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். எனவே சோற்றை அடியோடு நிறுத்திவிட்டுத் தீவிரப் பயிற்சிக்குப் போகிறவருக்கு இரண்டாவது, மூன்றாவது சுற்றில் கால் துவண்டுபோவதில் வியப்பில்லை. கடும் பேலியோவும் கடும் பயிற்சியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வில், 20 நொடி முழுவேகம், 10 நொடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்றுகள் ஆறு வாரம் செய்தவர்களுக்கு மூச்சுத்திறனும் கூடியது. ஆக்சிஜனைச் சாராமல் தசை வெளிப்படுத்தும் ஆற்றலும் 28 சதவீதம் உயர்ந்தது. இந்த வகைப் பயிற்சி நமக்குப் புதிதல்ல. கபடியில் ஒரு பாடிவருதல் 30 நொடி, பிறகு சற்று ஓய்வு, மறுபடி பாய்ச்சல். மன்னார்குடி அருகே உள்ள வடுவூர் கபடிக்குப் பேர்போனது. வெறுந்தரையும் ஏழேழு பேரும் இருந்தால் தீவிரக் கூட்டுப்பயிற்சி தயார்.

கூட்டமாகச் செய்வதற்கும் அறிவியல் காரணம் உண்டு. ஆக்ஸ்போர்டு படகோட்டிகளிடம் நடந்த 2009 ஆய்வில், அதே பயிற்சியைத் தனியாகச் செய்ததைவிடச் சேர்ந்து செய்தபோது வலி தாங்கும் திறன் அதிகமாக இருந்தது. எண்டார்பின் சுரப்பே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நடவுப் பாட்டும் குலவையும் வயலில் செய்த வேலையும் இதுவாக இருந்திருக்கலாம்.

எச்சரிக்கைகளும் உண்டு. பழக்கமில்லாத உடலை முதல் நாளே பிழிந்தால் தசைநார் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிறுநீர் பழுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலை மட்டுமே நல்ல நேரம்.

டெல்டாவுக்கான தீர்வு சோற்றை வெறுப்பதில் இல்லை. சோற்றைப் பாதியாக்குங்கள், அந்த இடத்தில் பருப்பு, முட்டை, மீன், கீரை வரட்டும். வாரம் மூன்று நாள் நாலு பேரோடு சேர்ந்து மூச்சு வாங்க உழையுங்கள். ஊராட்சிகள் விளையாட்டுத் திடல்களைச் செப்பனிட்டு, பெண்களுக்கும் நாற்பது கடந்தவர்களுக்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டும். முன்னோரைப் போல உண்ண விரும்புகிறவர்கள், முதலில் அவர்களைப் போல உழைக்கத் தொடங்கட்டும்.