ஏற்றமறிந்து சைக்கிள் வாங்குக

“ஆழமறியாமற் காலை விடாதே” என்பது முதுமொழி. மலைநாட்டில் முதன்முதலாக ரேஸிங் சைக்கிள் வாங்கப் புறப்படும் இளைஞருக்கு, “ஏற்றமறியாமற் காசை விடாதே” என்று அதனைச் சற்றே மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

ஹல்துமுல்லைத் தோட்டமொன்றிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பழைய ரேஸிங் சைக்கிள் ஒன்றை வாங்கினான். தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த பணமும், கொழும்பிலே தொழில் பார்க்கும் தமையன் அனுப்பிய பணமும் அதற்குச் செலவாயின. வண்டியோ புதுக்கருக்கு மாறாதது. ஆயினும் பெரகலை ஏற்றத்திற் பாதி வழியிலேயே இறங்கித் தள்ள நேர்ந்தது. ஒரு மாதத்தில் முழங்கால் வலியும் கண்டது. “வண்டியில பிழை இல்ல சேர், என் காலிலதான் பெலன் இல்ல” என்றான். கிடைத்த விலைக்கு விற்றுவிடவும் எண்ணியிருந்தான். உண்மையிற் பிழை அவன் காலில் இல்லை. வண்டியின் பற்சில்லுகளில் இருந்தது.

அவ்வழியை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக வரும் பெருந்தெரு, பெலிஹுல் ஓயாவைக் கடந்து மலைமேல் ஏறுகிறது. ஹல்துமுல்லைக்கு அப்பால், பெரகலையில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்க, மற்றது 1,431 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையை நோக்கி ஏறுகிறது. சமவெளிக்கென அமைந்த வண்டி இங்கே என்ன செய்யும்?

புகையிரதம் புகட்டும் பாடம்

1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய புகையிரதப் பாதையை அமைத்தோருக்கும் இதே இடர் நேர்ந்தது. செங்குத்தான சரிவிற் புகையிரதம் ஏறாது. ஆகவே தெமோதரையிலே பாதையை வளைத்துச் சுற்றவிட்டு, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்லுமாறு அமைத்தனர். கங்காணி ஒருவர் தலைப்பாகை கட்டுவதைக் கண்டே இவ்வெண்ணம் உதித்தது என்று கர்ணபரம்பரைக் கதையும் வழங்குகிறது. தூரம் கூடியது, சரிவு குறைந்தது, புகையிரதம் ஏறியது.

கியரின் சூட்சுமமும் இதுவே. மிதியைப் பலமுறை சுற்றுகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டிய விசை குறைகிறது.

எளிய கணக்கு

முன்சில்லிலுள்ள பற்களின் தொகையைப் பின்சில்லிலுள்ள பற்களின் தொகையால் வகுத்து, வருவதை வண்டிச் சில்லின் சுற்றளவாற் பெருக்குக. மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி செல்லும் தூரம் கிடைக்கும். ரேஸிங் சைக்கிளின் சில்லுச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர்.

நம் மாணவனின் வண்டியில் முன்னே சிறிய சில்லு 39 பல். பின்னே பெரியது 25 பல். அவனிடமிருந்த மிக இலேசான கியரிலும் ஒரு சுற்றுக்கு 3.28 மீற்றர் செல்ல வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீற்றர். பயிற்சியற்ற ஒருவர் கடும் ஏற்றத்தில் அவ்வேகத்தைப் பேணுதல் அரிது. வேகம் 7 கிலோமீற்றராகத் தாழ்ந்தால் மிதி 36 முறையே சுற்றும். பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். முன்னும் பின்னும் 34 பற்களாயின், அதே வேகத்தில் 55 முறைக்கு மேல் சுற்றலாம்.

ஆகவே மலைநாட்டார் புதிதாக வாங்குமிடத்து, முன்னே 50, 34 பற்களும், பின்னே 11 முதல் 34 வரை பற்களும் உள்ள வண்டியைத் தேடுதல் நன்று. வேகம் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். 50க்கு 11 என்ற கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டும். வளைவும் பனிமூட்டமும் நிறைந்த நம் இறக்கங்களில் வேண்டுவது அதனினும் வேகமன்று, நல்ல பிரேக்கே.

பழைய வண்டியாயின் பின்சில்லுத் தொகுதியை மாற்றலாம். ஆனால் சங்கிலியை நகர்த்தும் பொறி எத்தனை பற்கள் வரை ஏற்கும் என முதலிற் கேட்டறிதல் வேண்டும். சங்கிலியின் நீளமும் போதாமற் போகலாம்.

வீண் மானம் வேண்டாம்

இலேசான கியர் நோஞ்சான்களுக்கு உரியது என்று சிலர் நகைப்பர். இந்நகைப்புப் பழையது. 1903இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தைத் தொடக்கிய ஹென்றி தெக்ராஞ்சும் அவ்வாறே கருதினார். 1937 வரை அப்பந்தயத்தின் முன்னணி வீரர்களுக்குக் கியர் மாற்றும் பொறி அனுமதிக்கப்படவில்லை. கியர் மாற்றுவதற்காக அவர்கள் வண்டியை விட்டிறங்கிப் பின்சில்லைக் கழற்றித் திருப்பி மாட்டினர். இன்றோ அதே பந்தயத்தில் கியர் மாற்றாமல் மலையேறுபவர் எவருமிலர்.

நம் மாணவன் வண்டியை விற்கவில்லை. பின்னே 32 பற்கள் வரையுள்ள தொகுதியையும், அதற்கேற்ற பொறியையும் சங்கிலியையும் மாட்டினான். சில வாரங்களின் பின் அப்புத்தளை வரை இறங்காமல் ஏறினான். “மெதுவாகத்தான் போனேன் சேர்” என்று கூச்சத்தோடு சொன்னான். மெதுவாகப் போனாலென்ன? போய்ச் சேர்ந்தான் அன்றோ!

இளைஞரே, கடைக்குச் செல்லுமுன் உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் ஏற்றத்தை ஒருமுறை நோக்குங்கள். கடையில் வண்டியின் நிறத்தைப் பார்க்குமுன் பற்களை எண்ணுங்கள். பெற்றோர் வியர்வை சிந்தித் தேடிய பணம் வீண்போகாது.