தரையிறங்கிய விமானிகள்

சாங்கி விமான நிலையத்தை 2019ஆம் ஆண்டில் 68.3 மில்லியன் பயணிகள் பயன்படுத்தினர். 2020இல் அந்த எண்ணிக்கை 11.8 மில்லியனாகச் சரிந்தது. 2021இல் ஏறத்தாழ மூன்று மில்லியன் பேர்தான். கொவிட்-19 நோய்ப்பரவலால் நாடுகள் தங்கள் எல்லைகளை மூடியபோது உலகெங்கும் விமான நிறுவனங்கள் தவித்தன. ஆயினும், பெரிய நாடுகளின் நிறுவனங்களுக்கு உள்நாட்டுப் பயணம் என்ற ஊன்றுகோலாவது இருந்தது. சிங்கப்பூர் நிறுவனங்களுக்கு அதுவும் இல்லை. இங்கிருந்து பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் வேறொரு நாட்டில்தான் தரையிறங்க வேண்டும்.

2020 மார்ச் மாத இறுதியில், சிங்கப்பூர் ஏர்லைன்சும் சில்க்ஏரும் தங்களிடம் இருந்த 147 விமானங்களில் ஏறத்தாழ 138ஐ நிறுத்திவைப்பதாக அறிவித்தன. ஸ்கூட் நிறுவனம் 49இல் 47ஐ நிறுத்தியது. அவற்றுள் சில, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டன. அங்குள்ள வறண்ட காற்றில் விமானத்தின் உலோகப் பாகங்கள் எளிதில் அரிக்கப்படுவதில்லை. விமானங்களை இப்படிப் பாதுகாத்து வைக்கலாம். அவற்றை ஓட்டியவர்களை என்ன செய்வது?

வேலை குறையும்போது ஊழியர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே ஆட்குறைப்பு. ஆட்குறைப்புக்கு ஆளானவர் தவறு செய்தவர் அல்லர். அவர் செய்துவந்த வேலை இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். 2020 செப்டம்பர் 10ஆம் தேதி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. ஆயினும், அத்தனை பேரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது, விலகியவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டது, விமானிகளுக்கும் தரைப்பணி ஊழியர்களுக்கும் முன்கூட்டியே ஓய்வுபெறும் திட்டத்தை அளித்தது போன்ற வழிகளில் ஏறத்தாழ 1,900 இடங்கள் முன்பே குறைந்திருந்தன. எஞ்சிய ஏறத்தாழ 2,400 பேருக்குத்தான் அந்த அறிவிப்பு இடியாக வந்தது.

வேலை இழந்த கணக்காளர் ஓராண்டு கழித்து வேறோர் அலுவலகத்தில் சேர்ந்தால், கணக்குப் போடும் தகுதி அவரிடம் அப்படியே இருக்கும். விமானியின் நிலை வேறு. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானி, கடந்த 90 நாள்களில் குறைந்தது மூன்று முறை விமானத்தை மேலெழுப்பி, மூன்று முறை தரையிறக்கியிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. இதை உண்மையான விமானத்தில் செய்யலாம். அல்லது விமானி அறையைப் போலவே அமைக்கப்பட்ட ‘சிமுலேட்டர்’ எனும் பயிற்சிக் கருவியில் செய்யலாம். இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வது, புகை சூழ்ந்தால் என்ன செய்வது என்பன போன்ற சோதனைகள் அவ்வப்போது நடைபெறும். மருத்துவப் பரிசோதனையிலும் தவறாமல் தேற வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உரிமம் பெற்ற விமானி எந்த விமானத்தை வேண்டுமானாலும் ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சியும் தனித் தகுதிச் சான்றும் தேவை. ஏர்பஸ் ஏ380 விமானத்தைப் பல ஆண்டுகள் ஓட்டியவர்கூட, பயிற்சி பெறாமல் சிறிய போயிங் 737 விமானத்தின் விமானி இருக்கையில் பணிக்கு அமர முடியாது. நோய்ப்பரவல் காலத்தில் பெரிய விமானங்கள்தாம் முதலில் முடங்கின. அவற்றை ஓட்டிப் பழகியவர்களுக்கு, அவர்களின் அனுபவமே வேறு வேலை தேடுவதற்குத் தடையானது.

பணியில் இருக்கும்வரை இந்தப் பயிற்சிகளுக்கும் சோதனைகளுக்கும் பெரும்பாலும் நிறுவனமே செலவு செய்யும். வேலை போனதும் அந்தச் சுமை விமானியின் தோளில் ஏறுகிறது. சிமுலேட்டரை வாடகைக்கு எடுப்பது சம்பளம் இல்லாதவருக்கு எளிதன்று. விமானியாவதற்கு வாங்கிய கடனையே இன்னும் அடைத்து முடிக்காத இளம் துணை விமானியை எண்ணிப்பாருங்கள். என்றாவது அழைப்பு வரும் என்று நம்பிக் கையிருப்பைச் செலவழித்துத் தகுதிகளைக் காப்பாற்றுவதா? அல்லது அவற்றைக் காலாவதியாக விட்டுவிட்டு வேறு தொழிலுக்கு மாறுவதா? எப்போது அழைப்பு வரும் என்பது தெரிந்தால் முடிவெடுக்கலாம். அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை.

நிறுவனங்களுக்கும் இது எளிய முடிவன்று. விமானியை அனுப்பிவிட்டால் சம்பளச் செலவு மிச்சமாகும். பயணிகள் திரும்பி வரும்போது அவருடைய இடத்தை ஒரே மாதத்தில் நிரப்ப முடியாது. ஆகவே, சில நிறுவனங்கள் இடைவழியைத் தேடின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் தங்கள் தொழிற்சங்கத்தின் வழியாகச் சம்பளக் குறைப்புக்கு உடன்பட்டனர். பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளைக் குறைக்கத் திட்டமிட்டிருந்தது. 2020 ஜூலையில், 20 விழுக்காட்டுச் சம்பளக் குறைப்பை அதன் விமானிகள் வாக்களித்து ஏற்றுக்கொண்டனர். அதனால் கட்டாய வேலையிழப்பு ஏறத்தாழ 270 பேரோடு நின்றது. மேலும் 300 பேருக்கு ஈடான விமானிகள், குறைந்த சம்பளத்தில் காத்திருப்போர் அணியாக வைக்கப்பட்டனர். பயணங்கள் கூடும்போது அவர்கள் பணிக்குத் திரும்பலாம். எல்லாரும் கொஞ்சம் இழந்து சிலருடைய பிழைப்பைக் காக்கும் இந்த ஏற்பாடே, அன்றைய சூழலில் கிடைத்த வழிகளில் மேலானது என்று சொல்லத் தோன்றுகிறது. பணியில் நீடித்தவர்களுக்கு அது இனித்திருக்காது என்பதும் உண்மைதான்.

திரும்ப அழைக்கப்படும்போதும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பல விமான நிறுவனங்களில் ஒருவர் எந்த விமானத்தை ஓட்டுவார், எப்போது தலைமை விமானி ஆவார், எந்த நாளில் விடுப்பு எடுப்பார் என்பவற்றையெல்லாம் அவர் பணியில் சேர்ந்த தேதியே முடிவுசெய்கிறது. இதைப் பணிமூப்பு என்பர். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில், கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் அனுப்பப்படுவார். திரும்ப அழைக்கும்போது அவருக்கு முன்னே சேர்ந்தவர்களுக்குத்தான் முதலிடம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அங்கு வேலையிழந்த விமானிகளுள் சிலர் இத்தகைய பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். அங்கே போனால், நரைமுடியுடைய தலைமை விமானியும் பெரும்பாலும் வரிசையின் கடைசியிலிருந்தே தொடங்க வேண்டும். தம்மைவிட வயதில் இளையவருக்குத் துணை விமானியாகவும் அமர நேரலாம்.

ஹாங்காங்கின் கேத்தே பசிபிக், 2020 அக்டோபரில் 5,900 வேலைகளை நீக்கி, தன் துணை நிறுவனமான கேத்தே டிராகனையும் மூடியது. எஞ்சிய விமானிகளுக்குக் குறைந்த சம்பளத்தில் புதிய ஒப்பந்தம் தரப்பட்டது. மூன்றாண்டுகளில் பயணிகள் திரும்பினர். 2023 டிசம்பர் விடுமுறைக் காலத்தில் பருவகாலக் காய்ச்சலால் விமானிகள் சிலர் விடுப்பு எடுத்தனர். அவர்களுக்கு மாற்றாகப் பறக்கப் போதிய விமானிகள் இல்லை. அடுத்த சில வாரங்களில் அந்நிறுவனம் பல பயணங்களை ரத்து செய்தது. பயணப் பெட்டிகளோடு புறப்படத் தயாராக இருந்தவர்கள் வேறு விமானம் தேட வேண்டியதாயிற்று.