தீப்பெட்டிப் படம் சோறு போட்டது!

வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. அதில் முருகன் சிரிக்கிறார். அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். "சிவகாசி" என்று இருந்தால் ஆச்சரியம் இல்லை!

மதுரையில் இருந்து தெற்கே சுமார் 70 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது சிவகாசி. மழை குறைந்த பூமி. வானத்தை நம்பி விதைத்தவர்கள் பல முறை ஏமாந்தார்கள். வேறு பிழைப்புத் தேட வேண்டிய நிலை.

கல்கத்தா பயணம்

1922-ம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தொழில் தொடங்கினார்கள்.

தீப்பெட்டி என்றால் மேலே படம் ஒட்ட வேண்டும் அல்லவா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படத்தைச் சொல்லித்தான் கடையில் கேட்பார்கள். ஆகவே வண்ணப் படம் அச்சடிக்கும் தொழிலும் அங்கே வளர்ந்தது. பிறகு பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று பெருகியது.

நாலே மை!

காலண்டர் படத்தில் எத்தனை வண்ணம்? எண்ண முடியாது. ஆனால், அச்சடிக்கும் மை நாலுதான்! நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இவை சிறு சிறு புள்ளிகளாக விழுகின்றன. நம் கண் அவற்றைக் கலந்து பல வண்ணமாகக் காண்கிறது.

ஒரு மை சற்று விலகினாலும் சாமிக்கு இரண்டு உதடு தெரியும்! அதை உடனே கண்டு சரி செய்பவர்தான் நல்ல மெஷின்மேன்.

போன வேலை

1901-ம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் சொந்த அச்சுக்கூடத்தில் தமிழ் நூல்கள் அச்சாயின. அந்தக் காலத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தவர்கள் கம்பாசிட்டர்கள். எழுத்து இடம் வலமாக மாறி இருக்கும். அதையும் மளமளவென்று படிப்பார்கள்!

கம்ப்யூட்டர் வந்தது. ஈய எழுத்து போனது. பலர் வேலை இழந்தார்கள். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கக் கற்றவர்கள் தொழிலில் நிலைத்தார்கள்.

என்ன வேலை? என்ன படிப்பு?

படம் வடிவமைப்பது, பிளேட் தயாரிப்பது, மெஷின் ஓட்டுவது, காகிதம் வெட்டுவது, பைண்டிங் செய்வது என்று பல வேலைகள் உண்டு.

10-ம் வகுப்பு தேறியவர்கள் 3 ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். சென்னை தரமணியில் இதற்கென்றே அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. பிளஸ் 2-வில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்குக் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் பட்டப் படிப்பு உண்டு.

"எல்லோரும் செல்போனில் படிக்கிறார்களே, இந்தத் தொழில் நிற்குமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டைரி வாங்குவோர் குறையலாம். ஆனால் மருந்து, பிஸ்கட், சோப்பு எல்லாம் அச்சடித்த பெட்டியிலும் உறையிலும்தான் வருகின்றன. அந்தச் செல்போனே அச்சடித்த பெட்டியில்தான் வருகிறது!

ஒன்றை மட்டும் பெற்றோர் மறக்கக் கூடாது. "அச்சகத்தில் சேர்ந்தால் காசு வரும், படிப்பு எதற்கு?" என்று பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து நிறுத்தாதீர்கள். மெஷின் மாறிக்கொண்டே இருக்கும். படித்த பிள்ளைதான் அதோடு சேர்ந்து மாற முடியும்.