ஆகாயத்தாமரைக்கு ஒரு வண்டு

தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலை வழியே தெற்கே சென்றால், சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலத்தை அடைகிறோம். கீழே ஓடுவது அடையாறு. ஆயினும் சில மாதங்களில் அங்கே நீரைக் காண்பது அரிது. பச்சைப் பாய் விரித்தாற்போல் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும்.

ஊதா மலரின் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து மனிதன் கொண்டுவந்த செடி இது. ஊட்டமுள்ள நீரில் இரண்டே வாரங்களில் இருமடங்காகப் பெருகும், மீன்களை வாட்டும், கொசுவுக்கு இடம் தரும், மழைக்காலத்தில் வெள்ளத்தின் வழியை அடைக்கும். தாய்நாட்டில் இதனைத் தின்னும் பூச்சிகள் உண்டு. இங்கே அது பகையின்றி வந்து சேர்ந்தது.

செடிக்குப் பூச்சியைப் பகையாக்கும் எண்ணம் புதிதன்று. இதே சைதாப்பேட்டையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சாயப்பூச்சி வளர்ப்பதற்காக டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் இந்தியாவுக்கு வந்த பூச்சியோ நல்ல சாயம் தரவில்லை; கள்ளியை அழித்தது. வணிகத்தில் தோல்வியுற்ற அப்பூச்சியை, 1860களில் கள்ளியை ஒழிக்கவென்றே தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டு சென்றனர்.

அவ்வழியிலேயே 1982இல், நியோகெட்டினா என்னும் கூன்வண்டு அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. ஆகாயத்தாமரை தீர்ந்தபின் அது நெல்லையும் காய்கறியையும் நாடினால் என் செய்வது? ஆதலின் பல பயிர்களை அதன்முன் வைத்துச் சோதித்தனர். அது தன் செடியன்றி வேறொன்றில் வாழாது என்று தெளிந்த பின்னரே ஏரிகளில் விட்டனர்.

வளர்ந்த வண்டு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அது இலையைச் சுரண்டித் தின்னும், இலைக்காம்பினுள் முட்டையிடும். புழு காம்பைக் குடைந்து குருத்தை நோக்கிச் செல்லும். குடைந்த வழியே நீரும் கிருமியும் புக, செடி அழுகி மூழ்கும். பெங்களூரு ஏரிகளிலும், 1995க்குப் பின் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இவ்வண்டு நற்பயன் தந்தது.

எனினும் இதற்குச் சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும். செடியை முற்றிலும் வாரியெடுத்தால் வண்டும் உடன் போய்விடும். மேலும், கழிவுநீர் கலந்த ஆற்றில், வண்டு தின்பதைவிட விரைவாகச் செடி தழைக்கும். சென்னையின் இடர்ப்பாடு இதுவே. ஆகாயத்தாமரைக்கு உணவூட்டுவது நம் சாக்கடை நீர். அதனைத் தூய்மை செய்யாமல் ஆற்றில் விடும்வரை, எந்த வண்டும் தனித்து நின்று அடையாற்றை மீட்க இயலாது.