ஓட்டு வீட்டு உயிர்கள் – 9: பச்சைப் பல்லியும் கத்திரி வெயிலும்

சென்ற வாரம் வீட்டுப் பல்லியைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பல்லி விழும் பலன் கேட்டவை. தோளில் விழுந்தால் என்ன, காலில் விழுந்தால் என்ன என்பதற்கெல்லாம் பஞ்சாங்கம் இருக்கிறது. பரிகாரத்துக்குக் காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. இடையில் நான் எதற்கு?

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் இளைஞர் எழுதிய கடிதம் மட்டும் வேறு ரகம். யூடியூபில் பளபளவென்று பச்சை நிறத்தில், முதுகில் சிவப்புத் திட்டுகளோடு ஒரு பல்லியைப் பார்த்திருக்கிறார். பட்டப்பகலில் திரிகிறதாம், தேன் நக்குகிறதாம். "வெள்ளைக்காரன் ஹீட்டர் போட்டு, லைட் போட்டு வளக்குறான் சார். நம்ம ஊர்ல அந்தச் செலவே கிடையாதே. ஒரு ஜோடி வாங்கி விட்டா அதுபாட்டுக்கு முட்டை வைக்காதா?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வியில் தப்பில்லை. வெயிலைப் பற்றிய கணக்கில்தான் தப்பு.

அவர் பார்த்தது ஃபெல்சுமா என்ற பேரினத்துப் பல்லி. மடகாஸ்கர், மொரீஷியஸ், சிஷெல்ஸ், கொமோரோஸ் என்று இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கோடித் தீவுகளில் ஐம்பது இனங்கள் வரை இருக்கின்றன. மடகாஸ்கரின் பெரிய பச்சைப் பல்லி ஓர் அடி நீளத்தை நெருங்கும். நம் வீட்டுப் பல்லியின் கண்ணில் பாவை வெளிச்சம் பட்டதும் நெட்டுக்குத்தான கோடாகச் சுருங்கும். இதற்கு வட்டப் பாவை, பகலில் பார்ப்பதற்கென்றே அமைந்தது. இமை இரண்டுக்குமே கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணை நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். விரல் நுனியில் அகன்ற திண்டுகள் இருப்பதால் கண்ணாடியிலும் ஏறும்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் எப்படியோ கிழக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் அந்தமான் பகல் பல்லி. எட்வர்ட் பிளைத் 1861-இல் அதற்குப் பெயர் வைத்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, இது மட்டும் அந்தமானில் வாழைத் தோப்பிலும் தென்னை மட்டையிலும் வீட்டுச் சுவரிலும் ஓடுகிறது. போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) குடியிருக்கும் நம் தமிழர்களுக்கு அது காசு கொடுத்து வாங்கும் பிராணி இல்லை, வாசலில் நிற்கும் பிராணி.

இப்போது வெயிலுக்கு வருவோம். வெப்பநாட்டுப் பல்லிக்கு வெப்பநாட்டு ஊர் ஒத்துப்போகும் என்பது வரைபடத்தைப் பார்த்துச் சொல்வது. மடகாஸ்கரின் பெரிய பச்சைப் பல்லிக்குப் பகலில் 28, 30 டிகிரி போதும். குளிர்காய ஒரே ஓர் இடத்தில் 33 வரை சூடு இருக்கலாம், ஆனால் அங்கிருந்து நகர்ந்தால் உடனே நிழல் கிடைக்க வேண்டும். இரவில் 24-க்குக் கீழே இறங்கினால் நல்லது. காற்றில் ஈரம் எப்போதும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். கீழ்பென்னாத்தூரில் கத்திரி வெயில் நாற்பதைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். மத்தியானக் காற்றில் ஈரமே இருக்காது. லண்டன்காரர் ஹீட்டருக்குக் கட்டுகிற கரண்ட் பில்லை நாம் ஏசிக்குக் கட்டுவோம். ஏசி அறைக்காற்றை இன்னும் உலர்த்தும், அதனால் தண்ணீர்ப் புகை அடிக்கும் கருவி ஒன்றும் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

சரி, வெளிச்சமாவது இலவசம்தானே? அதுவும் இல்லை. பகலில் திரியும் பல்லிகள் தோலில் விழும் புறஊதா ஒளியைக் கொண்டுதான் வைட்டமின் டி3 தயாரிக்கின்றன. அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. முதலில் தாடை இளகும், பிறகு முதுகு கோணும், கடைசியில் சுவரில் பிடித்து நிற்கவே முடியாது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், இந்தப் புறஊதா ஒளியைத் தடுத்துவிடும். ஆகவே ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியை வைத்துவிட்டு 'நல்லா வெயில் படுது' என்று திருப்திப்பட்டால் பல்லிக்குக் கிடைப்பது சூடு மட்டும்தான். அந்தத் தொட்டியையே தூக்கி நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் பல்லி வெந்துவிடும். நல்ல வளர்ப்பாளர்கள் கம்பிவலை அடித்த, உயரமான கூண்டுதான் கட்டுகிறார்கள். மேலே அதற்கென உள்ள புறஊதா விளக்கு. உள்ளே மூங்கில் குழாய்களும் விறைப்பான இலைச் செடிகளும். திருவண்ணாமலைப் பக்கம் வேலியோரம் முளைக்கும் நம் மருளின் உறவுக்காரச் செடியைத்தான் மேலைநாட்டார் பூந்தொட்டியில் வாங்கி இந்தக் கூண்டுக்குள் வைக்கிறார்கள்.

கிண்ணத்துத் தண்ணீரை இது பெரும்பாலும் சீண்டாது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும், அதனால் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரைத் தெளித்தால் ஒரு வாரத்தில் கூண்டு முழுக்க வெள்ளை உப்பு பூத்துவிடும். சாப்பாட்டுக்குச் சுவர்க்கோழி, சின்ன வெட்டுக்கிளி, குஞ்சுகளுக்குப் பழ ஈ. எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும். இடையிடையே மாம்பழக் கூழோ வாழைப்பழக் கூழோ கொடுக்கலாம், அதையே தினமும் கொடுத்தால் கொழுத்துப்போகும். கையில் எடுத்துக் கொஞ்சவே கூடாது. தோல் அவ்வளவு மெல்லியது. இறுக்கிப் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வரும், பல்லி ஓடிவிடும்.

முட்டை விஷயத்துக்கு வந்தால் சுவாரசியம் கூடுகிறது. பெண் பல்லியின் கழுத்தின் இரு பக்கமும் சின்ன மூட்டை கட்டியது போல ஒரு புடைப்பு தெரியும். நோய் என்று பயந்துவிடுகிறார்கள். அது சுண்ணாம்புக் கையிருப்பு. முட்டை ஓட்டுக்கு வேண்டியதை அங்கேதான் சேர்த்துவைக்கிறது. புடைப்பு வற்றிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டும். ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை. சில இனங்கள் மூங்கில் குழாய்க்குள் சும்மா வைத்துவிட்டுப் போகும், சில இனங்கள் சுவரிலோ மரத்திலோ ஒட்டிவிடும். ஒட்டிய முட்டையைப் பெயர்க்கப் போனால் உடையும். ஒட்டாத முட்டையை எடுக்கும்போது மேல்பக்கம் பென்சிலால் லேசாக ஒரு குறி போட்டு, அதே வாக்கில் வைக்க வேண்டும். புரண்டால் கரு செத்துவிடலாம்.

அடுத்தது குஞ்சு ஆணா பெண்ணா என்பது. நமக்கு அது கருத்தரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இந்தப் பல்லிகள் பலவற்றில் அடைகாக்கும் சூடுதான் முடிவு செய்கிறது. சற்றுக் குளிர்ச்சியாக வைத்தால் பெரும்பாலும் பெண், சூடு ஏறினால் ஆண் கூடும். 28 டிகிரியை ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் கலந்து, இரண்டு மாதம் முன்னே பின்னே பொரிக்கிறது. இந்த இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் வெளிநாட்டுக்காரர்கள் தெர்மோஸ்டாட் வைத்த பெட்டி வாங்குகிறார்கள். கீழ்பென்னாத்தூரில் சித்திரை மாதம் அலமாரியில் வைத்த முட்டை ஆணாகவும் வராது, பெண்ணாகவும் வராது. அவிந்துபோகும். "அதுபாட்டுக்கு முட்டை வைக்கும்" என்பது உண்மைதான், அதுபாட்டுக்குப் பொரிக்காது.

இதையெல்லாம் சமாளித்துவிடுவேன் என்று நிற்பவருக்குச் சட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஃபெல்சுமா பேரினம் முழுவதும், நம் அந்தமான் பல்லி உட்பட, சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரை வைத்திருப்பவர் அரசிடம் பதிய வேண்டும். கைமாற்றினாலும், குஞ்சு பொரித்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகள் வந்தன, பதிவு அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு அனுமதிச் சீட்டுகள் தனி.

சந்தையில் "பேப்பர் எல்லாம் எதுக்குத் தம்பி" என்று சொல்லி விற்பவர் இருப்பார். சரக்கு எந்த வழியில் வருகிறது என்பதற்குச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையின் செய்திக் குறிப்புகளைப் படித்தால் போதும். 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் ஒரு குரங்கு, இருபது பாம்புகள், இரண்டு அல்டாப்ரா ஆமைகள் இருந்தன. அல்டாப்ரா சிஷெல்ஸ் நாட்டுத் தீவு. இப்படி வருகிற உயிர்களில் பாதி வழியிலேயே சாகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

தப்பித்துப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் 1974-இல் விடப்பட்ட தங்கத்தூள் பகல் பல்லி இன்று அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. மொரீஷியஸில் நடந்தது இன்னும் மோசம். மடகாஸ்கரின் பெரிய பச்சைப் பல்லி அங்கே பரவி, அந்தத் தீவுக்கே உரிய சின்னப் பகல் பல்லிகளைத் தின்றும் துரத்தியும் ஒடுக்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சின்னப் பல்லிகள் சும்மா அழகுக்கு இருப்பவை அல்ல. ரூசியா என்று ஒரு கொடி மொரீஷியஸைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. அதன் பூவுக்கு மகரந்தம் சுமப்பதும் பழத்து விதையைப் பரப்புவதும் நீலவால் பகல் பல்லிதான். ஒரு பல்லி போனால் ஒரு கொடியும் போகும். மொரீஷியஸ் தமிழர்கள் வீட்டுத் திண்ணையில் பார்க்கிற பல்லிக்குக் காட்டில் இத்தனை வேலை.

பகல் பல்லியைக் கூண்டில் வளர்த்ததில் உருப்படியாக நடந்த வேலையும் மொரீஷியஸைச் சேர்ந்ததுதான். அதன் வடக்கே ரவுண்ட் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. மாலுமிகள் விட்டுப்போன ஆடும் முயலும் அதை மொட்டையாக்கின. அங்கே குந்தர் பகல் பல்லி என்ற பெரிய இனம் எஞ்சி நின்றது. அது பச்சை கூட இல்லை, சாம்பல் பழுப்பு. எழுத்தாளர் ஜெரால்ட் டரல் 1976-இல் அந்தத் தீவுக்குப் போய்ச் சில பல்லிகளை ஜெர்சியில் இருந்த தன் விலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. அதே காலத்தில் தீவிலிருந்து ஆடுகளை அகற்றினார்கள், 1986-இல் முயல்களையும் ஒழித்தார்கள். மரம் செடி திரும்ப வந்தது, பல்லியும் பெருகியது. சுண்ணாம்பு, சூடு, முட்டை பற்றி நான் மேலே எழுதிய கைவேலைக்கெல்லாம் அர்த்தம் இருப்பது இந்த மாதிரி இடத்தில். யூடியூபில் லைக் வாங்க அதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, சட்டம் அனுமதித்தாலும்.

இவ்வளவு மறுப்பு சொன்னபின் அந்த இளைஞருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது. பகல் பல்லியைப் பார்க்க மடகாஸ்கர் போக வேண்டாம். திருவண்ணாமலையில் வேலூர் பஸ் ஏறினால் போதும். போளூர், கண்ணமங்கலம் தாண்டி இரண்டரை மணி நேரம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நெமாஸ்பிஸ் என்றொரு பகல் பல்லிப் பேரினம் உண்டு. பச்சையும் சிவப்பும் இல்லை. பாறை நிறம், விரல் நீளம், மெலிந்த கால்கள். விரல்களில் அகன்ற திண்டு கிடையாது, நகத்தை மாட்டித்தான் பாறையில் தொங்கும். கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும், வட்டப் பாவை. இந்திரனீல் தாஸ், ஆரன் பாவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இரண்டு புதிய இனங்களை அறிவித்தார்கள். ஒன்று ஏற்காட்டில் கிடைத்தது, ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது. இன்னொன்று கிடைத்த இடம் வேலூர்க் கோட்டை. ஜப்பானிய ஆய்வாளர் ஹிடெடோஷி ஓட்டாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். 1806-இல் சிப்பாய்கள் கிளர்ந்த கோட்டை அது. அகழி, ஜலகண்டேசுவரர் கோயில், அருங்காட்சியகம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம். அத்தனை பேர் கண்ணெதிரே கருங்கல் மதிலில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த பல்லிக்கு 2000 வரை பெயர் இல்லை. அதற்குப் பிறகு சேலம் மலைகளில், கொல்லிமலையில், பச்சைமலையில் என்று ஒவ்வொரு குன்றாக இந்தக் குடும்பத்தில் புதுப்புது இனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2024-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த ஒன்றுக்கு, அதன் நீலப் புள்ளிகளைப் பார்த்து, ஓவியர் வான்கோவின் பெயரை வைத்தார்கள். ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இருப்பதில்லை. நடுவில் உள்ள வெயில் சமவெளியை இந்தச் சின்னக் கால்களால் கடக்க முடியாததால் ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாக மாறிப்போனது.

கத்திரி வெயிலில் இவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? அதே வெயில்தான், அதே கருங்கல்தான். ஆனால் இவை பாறையின் அடிப்பக்கத்தில், இடுக்கில், எப்போதும் நிழலில் இருக்கின்றன. காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் வெளியே வரும். முட்டையையும் சூடு ஏறாத பாறை இடுக்கில் ஒட்டிவிடும். ஏசியும் தண்ணீர்ப் புகையும் செய்கிற வேலையை ஒரு பெரிய கல்லின் நிழல் செய்துவிடுகிறது. அந்தக் கல்லை கிரஷருக்கு அனுப்பினால் பல்லிக்கு வேறு வீடு கிடையாது. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை வரை சாலைக்கு இரு பக்கமும் குன்றுகளைப் பாருங்கள், எத்தனை பாதியாக அறுபட்டு நிற்கின்றன என்று.

இதையாவது பிடித்து வளர்க்கலாமா என்று அடுத்த கடிதம் வரும். வேண்டாம். காட்டுயிரைப் பிடித்து அடைப்பது வீட்டு வளர்ப்பில் சேராது. காலை ஏழு மணிக்குக் கோட்டைக்குப் போங்கள். வெயில் படாத மதில் பக்கம், கல்லும் கல்லும் சேரும் இடுக்கில், கண் உயரத்திலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். கல்லைப் புரட்டாதீர்கள், இடுக்கில் குச்சி விடாதீர்கள். தலைகீழாக நின்று ஏதாவது உங்களைத் திரும்பிப் பார்த்தால் முதலில் கண்ணைக் கவனியுங்கள். நெட்டுக்கோடு என்றால் அது நம் பழைய வீட்டுப் பல்லியின் கூட்டம். வட்டம் என்றால் அசையாமல் படம் எடுத்து, இடமும் தேதியும் போட்டு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். பிறகு கீழ்பென்னாத்தூர் திரும்பி, உங்கள் ஊர்க் குன்றின் நிழல் பக்கத்திலும் இதே வேலையைச் செய்யுங்கள். கூண்டுக்குச் சேர்த்துவைத்த காசில் கேமராவுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கலாம்.

அடுத்த வாரம் அரணை. அது கடிக்குமா, நக்குமா, மறக்குமா என்று பார்ப்போம்.

(தொடரும்)