நிலநடுக்கத்துக்கு விதி வகுத்த சங்கம்

ஒரு கட்டடத்தின் தோற்றத்தையும் அறைகளின் அமைப்பையும் கட்டடக் கலைஞர் தீர்மானிக்க, அதன் எடை எந்த உத்தரத்தின் வழியே எந்தத் தூணுக்குச் சென்று எவ்வாறு மண்ணில் இறங்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, தூணின் பருமனையும் உள்ளிருக்கும் கம்பியின் அளவையும் முடிவு செய்பவர் கட்டமைப்புப் பொறியாளர் ஆவார். புயற்காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளும்போதும் கட்டடம் நிற்க வேண்டும் என்ற பொறுப்பு அவருடையது. ஆனால் தம் கணக்கு சரியா தவறா என்று கண்ணால் காணும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு வாழ்நாளில் கிடைப்பதே இல்லை. பெரும் நிலநடுக்கம் ஓர் ஊரைத் தாக்குவது பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான். தனியொருவரின் பட்டறிவு போதாத இத்தகைய தொழிலில், ஓர் ஊரில் இடிந்த சுவர் கற்பித்ததை மற்ற எல்லா ஊர்ப் பொறியாளர்களிடமும் கொண்டு சேர்க்க ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. அத்தகைய அமைப்பு எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக் கட்டமைப்புப் பொறியாளர் சங்கத்தைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த பெருந்தீயும் அழித்த பிறகு, நகரத்தை மீண்டும் கட்டியவர்கள் தீயைப் பற்றிப் பேசிய அளவுக்கு நில அதிர்வைப் பற்றிப் பேசவில்லை. புதிய கட்டடங்கள் ஒரு சதுர அடிக்கு 30 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று விதித்து, அதுவே நிலநடுக்கத்துக்கும் போதும் என்று விட்டுவிட்டார்கள். காற்று சுவரின் பரப்பளவுக்கு ஏற்பத் தள்ளுகிறது, நிலநடுக்கமோ கட்டடத்தின் எடைக்கு ஏற்ப ஆட்டுகிறது என்ற அடிப்படை வேறுபாடு அந்த விதியில் இடம்பெறவே இல்லை. 1925இல் சான்டா பார்பரா நகரம் குலுங்கியபோது இந்த அலட்சியம் வெளிப்பட்டது. 1927இல் அமெரிக்க மேற்குக் கரையின் கட்டட அதிகாரிகள் வெளியிட்ட சீர்விதித் தொகுப்பில் நிலநடுக்கம் பற்றிய ஒரு பின்னிணைப்பு சேர்ந்தது, அதுவும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான்.

அடுத்த ஆண்டு, 1928 மார்ச்சில், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நீர் வழங்கிய செயின்ட் பிரான்சிஸ் அணை நள்ளிரவில் உடைந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அதன் விளைவாக 1929இல் கட்டுமானப் பொறியாளர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மாநிலம் சட்டம் இயற்றியது. அதே 1929இல் தெற்குக் கலிபோர்னியாவிலும், மறு ஆண்டு வடக்குக் கலிபோர்னியாவிலும் கட்டமைப்புப் பொறியாளர்கள் தனித்தனிச் சங்கங்களை அமைத்தனர். 1932இல் மாநிலம் முழுமைக்குமான கூட்டமைப்பாக இச்சங்கம் உருவாயிற்று. சாலை, அணை, கால்வாய் அனைத்தையும் உள்ளடக்கிய கட்டுமானப் பொறியியலிலிருந்து கட்டமைப்புப் பொறியியலைத் தனித் தகுதியாகப் பிரித்து அதற்கெனத் தனித் தேர்வு வைப்பது இத்துறையினர் நெடுங்காலமாக வலியுறுத்தும் கோரிக்கை. அமெரிக்காவில் அவ்வாறு முதலில் உரிமம் வழங்கியது இலினாய் மாநிலம், 1915இல்.

கூட்டமைப்பு தோன்றிய மறு ஆண்டே சோதனை வந்தது. 1933 மார்ச் 10 அன்று மாலை லாங் பீச் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் சுமார் 120 பேர் உயிரிழந்தனர். செங்கல் சுவர்களால் எழுப்பப்பட்ட பள்ளிக் கட்டடங்கள் வரிசையாகச் சரிந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பியிருந்ததால் மட்டுமே அவர்கள் தப்பினார்கள் என்பதை எல்லாரும் உணர்ந்தனர். சரியாக ஒரு மாதத்தில் பீல்டு சட்டம் நிறைவேறியது: பொதுப் பள்ளிகளின் வரைபடங்களை மாநில அரசின் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும், கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் ஆய்வாளர் ஒருவர் மேற்பார்க்க வேண்டும். அதே ஆண்டு வந்த ரைலி சட்டம், பெரும்பாலான மற்றக் கட்டடங்கள் தம் எடையில் 2 விழுக்காடு அளவுக்கேனும் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும் என்றது.

இருப்பினும் ஒரே 2 விழுக்காட்டை எல்லாக் கட்டடங்களுக்கும் வைப்பது பொறியியலுக்குப் பொருந்தாது. இதைச் சீர்செய்து, மாநிலம் முழுவதற்கும் பொதுவான விதியை உருவாக்கும் பணியைச் சங்கத்தின் நிலநடுக்கவியல் குழு மேற்கொண்டு, 1959இல் ஒரு சிறு நூலை வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் நீல நூல் என்று அழைக்கப்பட்ட அந்நூலின் மையத்தில் எளிய பெருக்கல் ஒன்று இருந்தது. கட்டடத்தின் எடையை இரண்டு எண்களால் பெருக்கினால் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை கிடைக்கும். முதல் எண் கட்டடம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. மெதுவாக அசையும் உயர்ந்த கட்டடத்துக்கு அது குறையும். இரண்டாவது எண் கட்டடத்தின் வகையைப் பொறுத்து 0.67 முதல் 1.33 வரை மாறும். முறியாமல் வளைந்துகொடுக்கும் தூண்–உத்தரச் சட்டகத்துக்கு 0.67, எடையைச் சுவர்களே சுமக்கும் கட்டடத்துக்கு 1.33, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. வலிமையை மட்டும் பாராமல், வலிமை மீறப்பட்ட பிறகு கட்டடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் விதிக்குள் கொண்டுவந்ததே அந்நூலின் பெரும் பங்களிப்பு எனலாம்.

நீல நூலுக்குச் சட்ட வலிமை ஏதும் கிடையாது. அதைத் தயாரித்தவர்கள் தத்தம் அலுவலக வேலைக்கு இடையே ஊதியமின்றி உழைத்த உறுப்பினர்கள். 1961இன் சீர்விதித் தொகுப்பு அதை ஏற்றுக்கொண்ட பிறகே பரிந்துரை விதியாயிற்று. விதி கடுமையானால் கட்டடத்தின் செலவு ஏறும், செலவு ஏறினால் பொறியாளருக்குக் கட்டணம் தரும் உரிமையாளரே முகம் சுளிப்பார் என்று தெரிந்தும் அவர்கள் இதைச் செய்தனர் என்பது மதிக்கத்தக்கது.

தொழில்வல்லுநர் சங்கத்துக்கும் தொழில்துறை அமைப்புக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. முன்னதில் உறுப்பினர் தனிமனிதர்; பின்னதில் ஒரு பொருளை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள். 160 அடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் எஃகைப்போல வளைந்துகொடுக்கும் சட்டகம் வேண்டும் என்று நீல நூல் கேட்டபோது, உயர்ந்த கட்டடங்களின் சந்தை தமக்கு மூடப்படுவதாக சிமென்ட் தயாரிப்பாளர்கள் அஞ்சினர். அவர்களுடைய அமைப்பான போர்ட்லாண்ட் சிமென்ட் சங்கம், ஜான் புளூம், நாதன் நியூமார்க், லியோ கார்னிங் ஆகிய மூவரைக் கொண்டு, கான்கிரீட்டையும் வளைந்துகொடுக்கச் செய்வது எப்படி என்பதை விளக்கும் நூல் ஒன்றை 1961இல் வெளியிட்டது. வணிக நோக்கில் பிறந்த அந்த முயற்சி உலகம் முழுவதற்கும் பயன்பட்டது. தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டினால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தாலும் உள்கரு சிதறாமல் எடையைத் தாங்கும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் ‘ரிங்’ என்று சொல்லும் அந்த வளையத்தின் கொக்கி முனையை 90 பாகையில் நிறுத்தாமல் 135 பாகை வரை உள்நோக்கி வளைக்க வேண்டும் என்று 1993இன் இந்தியத் தரநிலை 13920 கேட்பதும் இதே காரணத்தால்தான். 90 பாகைக் கொக்கி, வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் விரிந்து திறந்துவிடும். கம்பி கட்டும் இடத்தில் சில விநாடி வேலையாகத் தோன்றும் அந்தக் கூடுதல் வளைவில் பல உயிர்கள் தங்கியிருக்கின்றன.

1971இல் சான் பெர்னாண்டோ நிலநடுக்கம் புத்தம் புதிய மருத்துவமனையொன்றையே சிதைத்த பின், ஆய்வு முடிவுகளை நடைமுறைக்கு மாற்றித் தருவதற்கென்றே பயன்பாட்டுத் தொழில்நுட்பக் குழு என்ற தனி அமைப்பை 1973இல் சங்கம் நிறுவியது. நிலநடுக்கத்துக்குப் பின் கட்டடங்களைப் பார்வையிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஒட்டும் முறை அக்குழு 1989இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து பரவியது. பச்சை நுழையலாம், மஞ்சள் கட்டுப்பாட்டுடன் நுழையலாம், சிவப்பு நுழையக் கூடாது.

சங்கத்தின் நேர்மைக்கு மிகக் கடினமான சோதனை 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் வந்தது. எஃகுச் சட்டகக் கட்டடங்களே மிகப் பாதுகாப்பானவை என்று இத்துறை பல்லாண்டுகளாக நம்பியிருந்தது. அன்றும் அவை விழவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பழுது ஏதும் தெரியவில்லை. சில வாரங்களில், உட்கூரைப் பலகைகளை அகற்றி, எஃகின்மீது பூசியிருந்த தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது, உத்தரத்தின் கீழ்ப்பட்டை தூணோடு சேரும் பற்றவைப்பில் விரிசல்கள் காணப்பட்டன. சில இடங்களில் விரிசல் தூணுக்குள்ளேயே புகுந்திருந்தது. வளைய வேண்டிய எஃகு கண்ணாடியைப்போலப் பிளந்திருந்தது. பற்றவைக்கும்போது உருகிய உலோகம் வழியாமல் தாங்குவதற்காக அடியில் வைக்கப்பட்ட பட்டையை அப்படியே விட்டுவிட்டதும், பற்றவைப்பு உலோகமே எளிதில் நொறுங்கும் தன்மை கொண்டிருந்ததும் முக்கியக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

அந்த இணைப்பு முறையைப் பயன்படுத்தியவர்கள் சங்கத்தின் உறுப்பினர்களே. ஆயினும் செய்தி மறைக்கப்படவில்லை. சங்கமும், அது நிறுவிய பயன்பாட்டுத் தொழில்நுட்பக் குழுவும், நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பும் ஒன்றுசேர்ந்து, நடுவண் அரசின் பேரிடர் முகமையின் நிதியுடன் முழு அளவு இணைப்புகளைச் சோதனைக்கூடங்களில் உடைத்துப் பார்த்தன. 2000ஆம் ஆண்டு வந்த வழிகாட்டுதல்கள் பற்றவைப்பின் தரத்தை மாற்றியதோடு, உத்தரத்தின் பட்டையைத் தூணிலிருந்து சற்றுத் தள்ளி இருபுறமும் வேண்டுமென்றே வளைவாக வெட்டிக் குறைக்கும் முறையையும் ஏற்றன. அவ்வாறு செய்தால் உத்தரம் அந்த இடத்திலேயே வளைந்து, பற்றவைப்பைக் காப்பாற்றுகிறது.

உயிர்ச்சேதத்தோடு ஒப்பிட நார்த்ரிட்ஜின் பொருட்சேதம் மிகப் பெரிது என்பதால் இன்னொரு கேள்வியும் எழுந்தது. விதிகளின்படி கட்டிய கட்டடம் நிலநடுக்கத்தில் சேதமே அடையாது என்று பொதுமக்கள் எண்ணுகிறார்கள். விதி உறுதியளிப்பதோ, பெரும் அதிர்வில் அது இடிந்து உள்ளிருப்போரைக் கொல்லாது என்பதை மட்டுமே. இந்த இடைவெளியை உரிமையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற நோக்கில், சங்கம் 1995இல் வெளியிட்ட அறிக்கை கட்டடங்களின் நடத்தையை நான்கு நிலைகளாக வகுத்தது: தடையின்றி இயங்குவது, சிறு பழுதுடன் இயங்குவது, உயிர் காப்பது, இடியும் விளிம்பில் நிற்பது. எந்த நிலை வேண்டும் என்பதைக் கட்டடத்துக்குப் பணம் செலுத்துபவரும் பொறியாளரும் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கோரிக்கை. மருத்துவமனையும் குடியிருப்பும் எத்தனை நாளில் மீண்டும் பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்பதையே விதியாக்கலாமா என்று அமெரிக்க நடுவண் அரசின் முகமைகள் 2021இல் வெளியிட்ட அறிக்கை ஆராய்ந்தது. அந்த விவாதம் கலிபோர்னியப் பொறியாளர்களின் குழுக்கூட்டங்களில் இன்றும் தொடர்கிறது.